காதல் யாருக்கு உரியது? – அகத்திணை முதல் வயற்கவி வரை

காதல் மனித குலத்தின் பொதுச் சொத்து என்று மேடைகளிற் பேசுகிறோம். அரசனும் ஆண்டியும் ஒரே வகையாகவே காதலிக்கின்றனர் என்றும், அதனாலேயே காதலைப் பாடும் இலக்கியம் காலத்தையும் வர்க்கத்தையும் கடந்து நிற்கிறது என்றும் கூறுவோர் பலர். கேட்பதற்கு இனிமையான கூற்றுத்தான். ஆனால் தமிழிலக்கிய வரலாற்றைச் சற்றே ஊன்றி நோக்கினால் இந்த இனிமை நெடுநேரம் நிலைப்பதில்லை. எந்தக் காலத்தில் யாருடைய காதல் பாடுதற்குரியதாகக் கருதப்பட்டது? யாருடைய காதல் நகைப்புக்குரியதென ஒதுக்கப்பட்டது? யாருடைய காதல் ஏட்டையும் அச்சையும் எட்டாமலே போயிற்று? இவ்வினாக்களை எழுப்பியதும், பொதுச் சொத்து எனப்பட்ட நிலத்தில் வேலிகள் தென்படத் தொடங்குகின்றன.

இன்னொரு சாராரும் உளர். அவர்கள் நம்மவர்கள், முற்போக்கு அணியைச் சேர்ந்தவர்கள். வயிற்றுக்குச் சோறில்லாத நாட்டிற் காதற்கதை எதற்கு என்று கேட்பவர்கள். இவர்களுடைய சீற்றம் நேர்மையானது. ஆயினும் முடிவு தவறானது. சோறில்லாதவனுக்கும் காதல் உண்டு. அவனுடைய காதலை எழுதாது விடுவதால் காதற்கதை அழிந்துவிடுவதில்லை. அது இளவரசர்களின் ஏகபோகமாகத் தொடர்கிறது. களத்தை எதிரியிடம் விட்டு வெளியேறுவது வெற்றியாகாது.

ஆகவே காதல் என்னும் பொருளையும், அதனைச் சொல்லத் தமிழர் கையாண்ட உத்திகளையும் ஒருசேர வைத்து நோக்குவது பயனுடையது. உத்தி என்பது வெறும் அலங்காரமன்று. யார் பேசலாம், யார் மௌனம் காக்கவேண்டும், கதை எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பனவற்றை ஒவ்வொரு சமுதாயமும் தன் அமைப்புக்கேற்பத் தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானத்தின் கலை வடிவமே உத்தி.

பெயரற்றோர் உலகம்

சங்க அகப்பாட்டின் முதல் விதி நம்மை வியக்க வைப்பது. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்கிறது தொல்காப்பியம். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் அகநானூற்றிலும் காதலர்க்குப் பெயரில்லை. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் உறவுநிலைகளே உண்டு. கதையும் முழுமையாகச் சொல்லப்படுவதில்லை. ஒரு கணம் மட்டுமே நமக்குத் தரப்படுகிறது. ஒருவர் இன்னொருவரிடம் பேசுகிறார். நாம் ஒட்டுக் கேட்கிறோம். முன் நிகழ்ந்ததையும் பின் நிகழவிருப்பதையும் நாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

கபிலரின் குறுந்தொகைப் பாட்டொன்றை எடுத்துக்கொள்வோம். தன்னைக் கூடிய தலைவன் சொன்ன சொல்லைக் காப்பானோ என்று தலைவி கலங்குகிறாள். அந்தக் கூட்டத்துக்குச் சாட்சி யாருமில்லை. ஓடும் நீரில் மீன் வரவைப் பார்த்து நின்ற குருகு ஒன்று மட்டுமே அங்கிருந்தது. புலவர் இதற்குமேல் ஒன்றும் விளக்கவில்லை. குருகின் கண் மீனின் மீதே இருந்தது, அவள்மீதன்று. தன் இரையன்றி வேறெதையும் பாராத உலகத்தின் முன் ஒரு பெண்ணின் வாழ்வு தனித்து நிற்கும் அவலம் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது. சில அடிகளில் ஒரு நாவலின் பாரத்தை ஏற்றும் இந்த உத்திக்கு உலக இலக்கியத்தில் நிகர் காண்பது அரிது.

எனினும் இந்த உலகத்திலும் வேலி உண்டு. அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்களாக்க இலக்கணம் இசையவில்லை. ஐந்திணைக்குப் புறத்தனவாகிய கைக்கிளையிலும் பெருந்திணையிலும் அவர்களைப் பாடுவதற்குத் தடையில்லை என்று மட்டும் அது கூறுகிறது. பிறர் ஏவலில் நிற்பவர்க்குத் தம் விருப்பப்படி ஒழுகுதல் இயலாது என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம். இதனை ஆழ்ந்து நோக்குக. தன் உழைப்பின் மீது உரிமையற்றவனுக்குத் தன் காதலின் மீதும் உரிமையில்லை என்ற உண்மையை அந்தக் காலம் மறைக்காமலே எழுதிவைத்திருக்கிறது. கலித்தொகையில் அரண்மனைக் குற்றேவல் புரியும் கூனியும் குறளனும் காதல் பேசுகின்றனர். அவ்வுரையாடல் நகைச்சுவைக்குரிய காட்சியாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. குறிஞ்சித் தலைவியின் ஏக்கம் நமக்குக் கண்ணீர் வரவழைக்கிறது. பணிப்பெண்ணின் ஏக்கம் சிரிப்பு வரவழைக்க வேண்டும் என்பதே அங்கு எதிர்பார்ப்பு.

ஆனால் பெருங்கலை தன் காலத்தின் விதியை அப்படியே ஒப்புவிப்பதில்லை. நற்றிணையில் ஒரு நெய்தற் பாட்டு உண்டு. தேரேறி வரும் செல்வர் வீட்டு மைந்தனைத் தோழி மறித்து நிறுத்துகிறாள். இவள் கடலிலே மீன்பிடிப்போர் மகள். நீ பெருநகரத்துச் செல்வன் மகன். எங்கள்மேல் மீன் வாடை வீசும், எட்டி நில் என்கிறாள். எம் சிறுவாழ்வு எமக்குப் போதும், எம்மவரிலும் செம்மலோர் உளர் என்று தலைநிமிர்ந்து முடிக்கிறாள். ஏற்றத்தாழ்வை இத்துணைத் தெளிவாகக் கண்ட கண்கள் ஈராயிரம் ஆண்டுக்கு முன்னர் நமக்கு இருந்தன. அந்தப் பாட்டைத் தலைவனைச் சேட்படுத்துதல் என்னும் துறைக்குரியது என்று மட்டும் எழுதிப் புள்ளி பெறும்படி நம் மாணவரைப் பழக்கியிருக்கிறோம்.

பெயர் வந்ததும் நேர்ந்தது

சிலப்பதிகாரத்தில் காதலர்க்குப் பெயர் வருகிறது, ஊர் வருகிறது, தொழில் வருகிறது. வணிகம் வளர்ந்து நகரங்கள் எழுந்த சமுதாயத்தின் கதை அது. முப்பது காதைகளில் ஒரு வணிகனின் வாழ்வு தொடங்கி ஓர் அரசனின் நீதி சரிவது வரை தொடர்ந்து சொல்லப்படுகிறது. பழைய அகப்பாட்டின் கணம் இங்கே கதையின் ஓட்டத்துக்குள் வந்து சேர்கிறது.

அப்படி வந்து சேர்ந்தபோது நேர்ந்த விபத்தே கானல்வரி. புகாரின் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். அகமரபுப்படி பெயர் கூறாத ஒரு பெண்ணைப் பாடுகிறான். அதனைக் கேட்ட மாதவி, இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று கருதுகிறாள். அவளும் யாழை வாங்கிப் பெயர் கூறாத ஒருவனைப் பாடுகிறாள். அதனை மெய்யெனக் கொண்டு அவன் பிரிந்து போகிறான். பெயர் சுட்டாத மரபு குறுந்தொகையில் அனைவரையும் ஒன்றிணைத்தது; இங்கே இருவரைப் பிரித்துவிடுகிறது. ஏனெனில் இவர்கள் தலைவன், தலைவி அல்லர். ஒருவன் மனைவியை விட்டு வந்த வணிகன். மற்றவள் ஆடற்கலைக்கும் கணிகையர் குலத்துக்கும் விலை குறிக்கப்பட்ட ஒரு சமுதாயத்தின் மகள். நம்பிக்கைக்கு இடமில்லாத உறவொன்றில் எந்தப் பாட்டும் குற்றப்பத்திரமாகிவிடும். பழைய உத்தி புதிய சமுதாயத்தில் வேறு பொருள் தருவதை இளங்கோவைப் போல் எடுத்துக்காட்டியவர் பிறர் இலர்.

சீவக சிந்தாமணிக்கு வரும்போது காதல் மற்றொரு தொழிலை ஏற்கிறது. மணநூல் என்று போற்றப்பட்ட இக்காவியத்தில் 13 இலம்பகங்கள். சீவகன் எண்மரை மணக்கிறான். ஒவ்வொரு மணமும் ஓர் இலம்பகம். மண்ணை வெல்வது மண்மகள் இலம்பகம். நிலமும் பெண்ணும் ஒரே வாய்பாட்டில், வெல்லப்படும் பொருள்களாக எண்ணப்படுகின்றன. நிலமானிய அரசவையின் மனோபாவத்துக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. கோவிந்தையின் கதையோ இன்னும் கூர்மையானது. ஆநிரை மீட்ட சீவகனுக்கு ஆயர் தலைவன் தன் மகளைத் தர முன்வருகிறான். அரச குலத்துச் சீவகன் அவளைத் தன் தோழன் பதுமுகனுக்கு மணம் செய்விக்கிறான். இலம்பகத்துக்கு அவள் பெயரே சூட்டப்பட்டது; அவள் விருப்பம் என்னவென்று கேட்க வேண்டிய தேவையோ கதைக்கு எழவில்லை.

கிஸ்ஸாவும் கேட்போரும்

தமிழ் முஸ்லிம்களின் இலக்கிய மரபு இந்த வரலாற்றில் ஒதுக்கப்படும் ஓர் அதிகாரம். 1572ஆம் ஆண்டின் ஆயிர மசலா முதலாகத் தொடரும் இம்மரபில் மாலை, நாமா, படைப்போர், கிஸ்ஸா என வடிவங்கள் பல பெருகின. இவற்றுட் கிஸ்ஸா கதைசொல்லும் வடிவம். தனித்திருந்து கண்ணாற் படிப்பதற்கன்று. ஒருவர் இராகத்தோடு வாசிக்கப் பலர் இருந்து கேட்பதற்கு எழுந்தது.

யூசுப் நபியின் வரலாறு அரபு, பாரசீகம், தமிழ் எனப் பல மொழிகளில் வழங்கியது. திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் அதனை வரலாறுகளுள் மிக அழகியது என்று அறிமுகம் செய்கிறது. அங்கே அந்த எகிப்தியப் பிரபுவின் மனைவிக்குப் பெயர் கூறப்படவில்லை. சுலைகா என்னும் பெயரும், அவளுடைய கனவும், நெடுங்காத்திருப்பும் பின்வந்த மரபில் விரிந்தவை. பாரசீகக் கவிஞர் ஜாமி 1483இல் இயற்றிய காவியம் அவளைக் கதையின் நடுவில் இருத்தியது. பெயரற்றவளுக்குப் பெயர் கொடுத்து அவள் மனத்தைத் திறந்து பார்த்த இந்த முயற்சி, கதைசொல்லிகள் மூலத்தை மீறாமலே அதன் மௌனத்துக்குள் புகுந்த முயற்சி.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்திலும் இவ்வகைச் செய்தியொன்று உண்டு. கதீஜா நாயகி பொருள்வளம் உடைய வணிகர். ஷாம் நாட்டுக்குத் தம் சரக்கைக் கொண்டுசெல்ல முகம்மது நபியை அவர் அமர்த்துகிறார். திருமண விருப்பமும் அவர் பக்கமிருந்தே எழுகிறது. தமிழ்க் காவிய மரபில் இது புதுமை. தன் பொருளைத் தானே ஆளும் பெண்ணுக்குத் தன் மனத்தையும் தானே சொல்ல இயல்கிறது. புலவர் அரபு நாட்டுக்குத் தமிழ் நாட்டின் நீர்வளத்தையும் மணக்கோலத்தையும் அணிவித்து இதனைப் பாடினார். அந்த அணிகளை வியந்து விளக்கிய உரைகள் ஏராளம். அந்தப் பெண்ணின் சுதந்திரத்துக்கு அடிப்படை எதுவென்று கேட்டவை மிகச் சில.

அச்சு யந்திரமும் தொடர்கதையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாவல் வந்தது. கேட்போர் கூட்டம் கலைந்து தனி வாசகர் தோன்றினர். 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. 1885இல் சித்தி லெவ்வையின் அசன்பேயுடைய சரித்திரம் ஈழத்தின் முதல் தமிழ் நாவலாக வெளிவந்தது. அதன் கதாநாயகன் எகிப்திலே பிறந்து, குழந்தைப் பருவத்திற் பிரிக்கப்பட்டு, இந்தியாவில் வளர்கிறான். திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட மோகனாங்கி நாயக்க மன்னர் காலத்துக் காதலைக் கூறுகிறது.

இங்கே ஒரு வினா எழவேண்டும். ஈழத்திலிருந்து எழுதியவர்கள் காதலை ஏன் எகிப்துக்கும் நாயக்கர் அரண்மனைக்கும் கொண்டு சென்றனர்? மேனாட்டு நாவல்களின் செல்வாக்கு ஒரு காரணமே. அடிப்படைக் காரணம் வேறு. ஆங்கிலக் கல்வி பெற்ற புதிய நடுத்தர வர்க்கம் தன் வீட்டிற் காதலை அனுமதிக்கவில்லை. பெற்றோர் பேசி முடிக்கும் மணமும், சாதி குலக் கணக்கும், சீதனமும் அங்கே மாறாதிருந்தன. வீட்டில் நிகழக் கூடாதது கதையிலும் அயலில் நிகழவில்லை. தூர தேசத்துக்கோ இறந்த காலத்துக்கோ நாடுகடத்தப்பட்டது. ஆள்மாறாட்டம், காணாமற்போன குழந்தை, எதிர்பாராச் சந்திப்பு ஆகிய உத்திகள் எல்லாம் இந்த நாடுகடத்தலின் வாகனங்கள். மனோரதிய நாவலின் மர்மம் இதுவே.

வாரப்பத்திரிகை இதனைப் பெருந்தொழிலாக்கியது. ஆயிரத்தொரு இரவுகளில் ஷஹ்ரஸாத் விடியும் வேளையிற் கதையை அறுத்து நிறுத்துவது தன் உயிரைக் காத்துக்கொள்ள. பத்திரிகைத் தொடர் ஓர் ஆபத்தின் விளிம்பிற் கதையை அறுத்து நிறுத்துவது அடுத்த இதழை விற்க. உத்தி ஒன்றே, நோக்கம் வேறு. இந்த உத்தியிற் கல்கிக்கு இணையில்லை என்பதை மறுக்க வேண்டியதில்லை. இலட்சக்கணக்கானோரைத் தமிழ் படிக்க வைத்தவர் அவர். ஆனால் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனில் அவர் பூங்குழலிக்கு என்ன செய்தார் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

பூங்குழலி கோடிக்கரையில் ஓடம் செலுத்துபவள். கடலைக் கடந்து ஈழம் வரை வருபவள். அந்த நாவலிற் கையில் உழைப்பின் காய்ப்பு ஏறிய பெண் அவளே. அவள் இளவரசனை விரும்புகிறாள், அது கைகூடாது. இறுதியிற் பூமாலை கட்டும் சேந்தன் அமுதனை மணக்கிறாள். ஓடக்காரியும் பூத்தொடுப்பவனும் வாழப் புறப்பட்டார்கள் என்று நாம் மகிழ எண்ணும்போது, அமுதனே மறைந்து வளர்ந்த சோழ அரசகுமாரன் என்று தெரியவருகிறது. உழைப்பாளரின் காதல் நிறைவெய்த வேண்டுமானால் அவருள் ஒருவர் அரச குருதியினராக இருந்தேயாக வேண்டும்! வினைவலரை ஐந்திணைக்கு வெளியே நிறுத்திய பழைய விதி, இருபதாம் நூற்றாண்டில் இனிய நடையில் மீண்டும் வந்து நிற்கிறது.

இதற்கு மறுமொழிபோல் அமைந்தது மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் தோணி என்னும் சிறுகதை. 1962இல் வெளிவந்த அவருடைய தொகுதிக்கும் அதுவே பெயர். அங்கேயும் கடல், அங்கேயும் ஓடம், அங்கேயும் காதல். ஆனால் இந்த மீனவ இளைஞனுக்குச் சொந்தத் தோணி இல்லை. அதனால் அவன் விரும்பிய பெண்ணும் அவனுக்கு இல்லை. மறைந்திருந்த இளவரசன் எவனும் கடைசிப் பக்கத்தில் வெளிப்படவில்லை. உற்பத்திக் கருவி யாரிடம் உளதோ வாழ்வும் அவனிடமே என்ற பேருண்மையை, அந்தச் சொற்களில் ஒன்றையேனும் பயன்படுத்தாமல், ஓர் இளைஞனின் ஏக்கத்தினூடாகவே ஆசிரியர் உணர்த்திவிடுகிறார். 1968இல் வெளிவந்த மஹாகவியின் கண்மணியாள் காதை சாதி கடந்த காதலை வில்லுப்பாட்டின் வடிவிற் பாடியதையும் ஈண்டு சேர்த்து எண்ணலாம். மக்கள் அறிந்த வடிவம், மக்கள் அறிந்த துயரம் என்னும் இரண்டும் அங்கே கைகோத்தன.

வயற்கரைக் கவி

இனி நம் மண்ணுக்கு வருவோம். கல்முனை, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் இக்கரையின் ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். இந்த வயல்களிலும் வாடிகளிலும் முற்றங்களிலும் பிறந்தது கவி. இங்குள்ள முஸ்லிம் மக்கள் கவி என்று சொன்னால், எழுதப் படிக்க அறியாதவரும் கட்டக்கூடிய சிறு பாட்டையே பெரிதும் குறிப்பர். அதனைக் கட்டியவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆணும் பெண்ணும் வினாவும் விடையுமாகப் பேசுவது அதன் பெருவழக்கு.

சங்க அகத்தோடு இதனை ஒப்பிடும் ஆசை தமிழ் கற்றவர்க்கு இயல்பாக எழும். காதலர்க்குப் பெயரில்லை, மச்சான், மச்சி என்னும் முறைப்பெயர்களே உண்டு. கதை முழுதும் கூறப்படுவதில்லை. ஒரு கணமே உண்டு. ஊரார் வாய்க்கு அஞ்சும் அலர் உண்டு. காவலிருக்கும் தாய் உண்டு. பறவையிடமும் நிலவிடமும் முறையிடல் உண்டு. இந்த ஒப்புமையைக் காட்டிவிட்டு, ஆகவே நம் நாட்டார் பாடல் சங்க மரபின் எச்சம் என்று முடிப்பது வழக்கம். அது பெருமை தரும் முடிவு. ஆனால் பாதி உண்மை.

வேறுபாட்டிலேயே கவியின் உயிர் இருக்கிறது. சங்கத் தலைவன் பொருளுக்காகவும் போருக்காகவும் பிரிகிறான். கவியின் மச்சான் வேளாண்மைக்காகப் பிரிகிறான். விதைப்புத் தொடங்கிச் சூடு மிதித்து முடியும்வரை வட்டையிலேயே தங்குகிறான்; பரணிலிருந்து பன்றிக்கும் யானைக்கும் காவல் காக்கிறான். அந்த நெல் பெரும்பாலும் அவனுடையதன்று, போடியாருடையது. ஆகவே அவன் திரும்பி வருவதும் அவன் கையில் இல்லை. காத்திருக்கும் பெண்ணின் ஏக்கத்தில் பருவகாலம் மட்டுமன்று, குத்தகையும் கடனும் சேர்ந்து பேசுகின்றன. அடியோர்க்கும் வினைவலர்க்கும் அன்பின் ஐந்திணையில் இடமில்லை என்றது இலக்கணம். இங்கே வினைவலனே தலைவன். இலக்கணத்தின் அனுமதிக்கு அவன் காத்திருக்கவில்லை. இது எச்சமன்று, எதிர்வாதம்.

இந்தக் கரையின் மணமுறையும் பாட்டின் போக்கைத் தீர்மானிக்கிறது. இங்கு குடிவழி தாய்வழியாக எண்ணப்படுகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். அதற்குரிய வீட்டைப் பெண் வீட்டார் கொடுக்கவேண்டும். நாலு சுவர் எழுப்ப இயலாத தகப்பனின் மகளுக்குக் காதலும் எட்டாது, கலியாணமும் எட்டாது. பிற நாட்டுக் காதற்பாட்டுகளில் தடையாக வருவது குலப்பகை, மந்திரக்கோட்டை, ஏழு கடல். இங்கே தடையாக நிற்பது கட்டி முடியாத ஒரு வீடு. தாய்வழி மரபு பெண்ணுக்கு உறைவிடத்தையும் தாயின் அரவணைப்பையும் தருகிறது என்பது மெய்யே. ஆனால் அதே மரபு சீதனச் சந்தையோடு பிணைந்தபோது அவளையே காத்திருக்கச் செய்கிறது. இந்த முரண்பாட்டின் வெப்பம் தெரியாமற் கவியைச் சுவைப்பவர் அதன் ஓசையை மட்டுமே சுவைக்கிறார்.

இத்துணைச் செல்வத்தை நாம் போற்றினோமா? வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் இப்பகுதியின் பாடல்களைப் படித்தோர் உலகுக்கு அறிமுகம் செய்தது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். சாய்ந்தமருதைச் சேர்ந்த கவிஞர் அனார் தொகுத்த பொடுபொடுத்த மழைத்தூத்தல் 2013இல் வெளிவந்தது. இந்தக் கடைசி முயற்சிக்குத் தனிச் சிறப்பு உண்டு. கவிகளுட் பல பெண்குரலில் அமைந்தவை. அவற்றைத் தெரிந்தெடுத்து அடுக்கும் கையும் ஒரு பெண் கவிஞரின் கையாக அமைவது சிறு நிகழ்ச்சியன்று. இவையன்றி ஏட்டுக்கு வராமலே மூதாட்டிகளோடு மண்ணுக்குட் போனவை எத்தனை! ஒழுக்கத்துக்கு ஒவ்வாதவை என்று அஞ்சி இவற்றைப் பாடவேண்டாமெனத் தடுத்தவர்களும் உண்டு. படித்துப் பட்டம் பெற்றபின் பட்டிக்காட்டுப் பாட்டு என்று நாணியவர்களும் உண்டு.

பாட்டு பிறந்த தொழிலும் மாறிவிட்டது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நீர்ப்பாய்ச்சலையும் நிலவுரிமையையும் மாற்றியது. மாடு கட்டிச் சூடு மிதித்த களத்தில் உழவு யந்திரமும் பின்னர் அறுவடை யந்திரமும் ஏறின. யந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாகக் கவி பாட எவராலும் இயலாது. இதற்காகக் கண்ணீர் விட்டு யந்திரத்தைச் சபிப்பது முற்போக்காளர் வேலையன்று. மாட்டின் பின்னே இரவெல்லாம் நடந்த மனிதனின் கால்வலியை நாம் கவிதைக்காகத் திரும்ப வேண்டமாட்டோம். ஆனால் தொழில் மாறியதனால் ஏக்கம் மாறிவிட்டதா என்பதே கேள்வி.

இன்றைய பாலை

மாறவில்லை. 1970களின் பிற்பகுதி முதல் இக்கரையிலிருந்து மத்திய கிழக்குக்குத் தொழிலுக்குப் போவோர் பெருகினர். ஆண்கள் போயினர்; பெண்களும் பணிப்பெண்களாகப் போயினர். பொருள்வயிற் பிரிவு என்று பரீட்சைக்குப் படித்தது அண்டை வீட்டுச் செய்தியாயிற்று. பாலை என்பது இன்று உவமையன்று. விசா முத்திரை குத்திய மெய்யான மணல்வெளி. வீடு கட்டவே போகிறார்கள். மகளின் வீடு, தங்கையின் வீடு. கவியிலே கட்டி முடியாதிருந்த அதே வீடுதான்! சங்கப் பாட்டிற் பெண் வீட்டிலிருந்து ஏங்கினாள், ஆண் சுரம் கடந்தான். இன்று பெண்ணே சுரம் கடக்கிறாள். வீட்டில் ஏங்குபவர் கணவனும் குழந்தைகளும். ஈராயிரம் ஆண்டு மரபிற் காணப்படாத தலைகீழ் மாற்றம் இது. இந்தப் பிரிவைப் பாடும் பெருங்காவியம் எங்கே?

நெய்தலும் அவ்வாறே. ஒலுவிலிற் கட்டப்பட்ட துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து கரை அரிக்கப்பட்டுத் தென்னைகளும் தோணி ஏற்றும் மணற்பரப்பும் கடலுக்குட் போயின. அகப்பாட்டிற் காதலர் சந்திக்கும் இடம் கானல். கானலே இல்லாத நெய்தலை எப்படிப் பாடுவது? முதற்பொருள் அழியும்போது உரிப்பொருள் மட்டும் பழைய கோலத்தில் நிற்கமாட்டாது. நிலத்தையும் தொழிலையும் காதலோடு பிணைத்துப் பார்க்கக் கற்றுத்தந்த திணைக் கோட்பாட்டை நாம் உண்மையாகவே கற்றிருந்தால், இந்தக் கேள்வி நம் எழுத்தாளரை உறங்கவிடாது.

நம்மவர் எழுத்தை நேர்மையாக நோக்கினால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. ஒருபுறம் தொடர்கதை மரபின் நகல்கள். மறுபுறம் முற்போக்கு முத்திரை தாங்கிய கதைகள். முதலாளியின் மகள் தொழிற்சங்கத் தோழனைக் காதலிக்கிறாள், தந்தை தடுக்கிறார், அவள் அரைப் பக்கம் சொற்பொழிவாற்றிவிட்டு வெளியேறுகிறாள், கதை செங்கொடி அசைவில் முடிகிறது. இதற்கும் பூங்குழலிக்குக் கிடைத்த முடிவுக்கும் என்ன வேறுபாடு? அங்கே மறைந்திருந்த இளவரசன் வந்து சிக்கலைத் தீர்த்தான். இங்கே மறைந்திருந்த கோஷம் வந்து தீர்க்கிறது. இரண்டிலும் வாழ்க்கை தீர்க்காத சிக்கலை ஆசிரியரின் பேனா தீர்த்துவைக்கிறது. தோணியின் ஆசிரியர் இந்த வசதியை மறுத்தார். அதனாலேயே அந்தக் கதை நம்மை அமைதியாக இருக்க விடுவதில்லை. சிக்கலைத் திறந்த நிலையில் நம் கையில் வைத்துவிட்டுப் போவதும் ஒரு போராட்ட வடிவமே.

வகுப்பறையிலே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஒரு குறுந்தொகைப் பாட்டையும் ஒரு வயற்கவியையும் ஒரு தொடர்கதைப் பகுதியையும் அருகருகே வைத்து, மூன்றுக்கும் ஒரே வினாக்களைத் தொடுக்கலாம். பேசுபவர் யார்? கேட்பவர் யார்? பேசவிடப்படாதவர் யார்? இவர்கள் என்ன தொழில் செய்து உண்கிறார்கள்? இவர்களைப் பிரிப்பது எது? கதையை முடித்துவைப்பது வாழ்க்கையா, ஆசிரியரா? துறைப்பெயரை மனனம் செய்வதிலும் இது கடினமானது. ஆனால் இவ்வினாக்களைக் கேட்கப் பழகிய மாணவி, நாளை தன் மணப்பேச்சு நடக்கும் கூடத்திலும் அவற்றைக் கேட்பாள். பேசுபவர் யார், பேசவிடப்படாதவர் யார் என்று அவள் அங்கே கேட்கத் தொடங்கினால், இலக்கியம் தன் கடமையிற் பாதியைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.

மறுபாதி மாணவர் கையில் இருக்கிறது. 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டிற் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவில் மண்ணிலேயே நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள வீடுகளிற் கவி தெரிந்த மூதாட்டிகள் இன்னும் உளர். பாலை நிலத்திலிருந்து மீண்ட பெண்கள் உளர். முன்னவரின் பாட்டையும் பின்னவரின் அனுபவத்தையும் ஒரே குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள். காதல் யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு விடை ஏட்டில் இல்லை. அந்தக் குறிப்பேட்டிலிருந்து எழுதப்படவேண்டியது.